படிகக் கடிகாரமும் பருவ வெம்மையும்

சாமராஜநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வெம்மையும் குளிரும் அடுத்தடுத்த ஊர்களே. தெற்கு நோக்கிப் புறப்பட்டுத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து இறங்கினால், பண்ணாரியும் சத்தியமங்கலமும் அப்பால் ஈரோடும் தத்தம் வெயிலோடு நம்மை வரவேற்கும். மேற்கே குண்டலுப்பேட்டை சென்று, பந்திப்பூர்க் காட்டினூடே நீலமலை ஏறினால் உதகையின் குளிர் எலும்பைத் தொடும். இரண்டிற்கும் இடையே மேட்டுநிலத்தில் நம் ஊர் அமைந்திருக்கிறது. பொங்கலுக்கும் திருமணத்துக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் இவ்வழிகளில் போய் வருகிறவர்கள் நாம். பருவநிலையின் இம்மாறுதலை நம் உடல் உணர்கிறது. நம்மோடு பயணம் செய்யும் கைக்கடிகாரமும் அதனை உணர்கிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெப்பநிலை மாறினால் கடிகாரத்தின் நடை மாறும். பழங்காலத்து நீர்க்கடிகாரம் முதல் இக்காலத்து அணுக்கடிகாரம் வரை இவ்விதிக்குத் தப்பிய பொறி ஒன்றுமில்லை. நுட்பமான கடிகாரம் ஒவ்வொன்றும், அதனை ஆக்கியவர் விரும்பினும் விரும்பாவிடினும், ஒரு வெப்பமானியாகவும் இருந்து வருகிறது. ஆகவே காலத்தைத் துல்லியமாக அளக்க மாந்தர் செய்த முயற்சியின் வரலாற்றில் பெரும்பகுதி, வெப்பத்தோடு அவர்கள் நடத்திய போராட்டத்தின் வரலாறேயாகும். அவ்வரலாற்றில் தென்னாட்டுக்கும் உரிய இடம் உண்டு. அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாழிகை வட்டில்

பண்டைத் தமிழர் பகலையும் இரவையும் நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது இன்றைய கணக்கில் 24 நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள். பாசறையில் இருந்த மன்னனுக்கு நாழிகைக் கணக்கர் பொழுதறிவித்த செய்தியை முல்லைப்பாட்டால் அறிகிறோம். அவர்கள் கையாண்ட கருவி நீர்க்கடிகாரம். சிறு துளை வழியே நீர் பாய்ந்து சேரும் அளவைக் கொண்டு காலத்தைக் கணக்கிட்டனர்.

எளிய கருவியாயினும் அதுவும் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டதே. நீர் சூடேறச் சூடேற அதன் பிசுக்குத்தன்மை குறைகிறது. 20 பாகை வெப்பத்தில் இருந்த பிசுக்குத்தன்மை 35 பாகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகிவிடுகிறது. ஆதலின் கோடை நண்பகலில் நுண்துளையினூடே நீர் சற்று விரைந்து பாயும். மார்கழி விடியலில் சற்றுத் தயங்கும். நாழிகையே அளவாக இருந்த நாளில் இவ்வேறுபாடு எவர்க்கும் இடையூறு செய்யவில்லை. விநாடியை எண்ணத் தொடங்கிய பிறகே வெப்பம் ஒரு பகையாகத் தோன்றியது. (இக்கட்டுரையில் வரும் பாகைகள் செல்சியஸ் அளவைக் குறிப்பன.)

ஊசலும் உலோகமும்

1656ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் ஊசற் கடிகாரத்தை அமைத்தார். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் பிழைபட்டுவந்த கடிகாரங்கள் அதன்பின் சில விநாடிகளே பிழைபடும் நிலையை எட்டின. அந்தச் சில விநாடிகளுக்குக் காரணம் தேடியபோதுதான் உலோகத்தின் குணம் வெளிப்பட்டது. ஊசலின் தண்டு நீண்டால் அதன் ஆட்டம் மெதுவாகும். வெப்பம் ஏறினால் உலோகம் நீளும்.

ஒரு விநாடிக்கு ஒரு பக்கமாக ஆடும் ஊசலின் நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் எஃகுத் தண்டு 10 பாகை வெப்பம் மிகும்போது ஒரு தலைமயிரின் பருமன் அளவே நீள்கிறது. ஆயினும் அதனால் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 விநாடி பின்தங்கிவிடுகிறது. மயிரிழை அளவு நீட்சி ஒரு மாதத்தில் இரண்டரை நிமிடப் பிழையாக வளர்ந்து நிற்கும்.

இங்கிலாந்து நாட்டுக் கடிகார வல்லுநர் ஜார்ஜ் கிரகாம் 1721இல் ஓர் உபாயம் கண்டார். ஊசலின் அடியில் பாதரசக் குடுவையைப் பொருத்தினார். வெப்பத்தால் தண்டு கீழ்நோக்கி நீள, பாதரசம் மேல்நோக்கி எழும்; ஒன்றின் குற்றத்தை மற்றொன்று ஈடுசெய்யும். 1726ஆம் ஆண்டளவில் ஜான் ஹாரிசன் என்னும் தச்சர், பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி அதே பயனைப் பெற்றார். இருவரும் வெப்பத்தை விலக்கவில்லை; வெப்பம் விளைக்கும் இரண்டு பிழைகளை எதிரெதிரே நிறுத்திச் சமன்செய்தனர். பின்னர் வந்த அறிஞர் பலரும் பின்பற்றிய நெறி இதுவே.

சென்னையில் நாட்டிய தூண்

காலத்தை நுட்பமாக அறியும் தேவை கடலிலிருந்து வந்தது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. நடுக்கடலில் கடிகாரம் 4 விநாடி பிழைபட்டால், நிலநடுக்கோட்டை ஒட்டிச் செல்லும் கப்பல் தன் இடத்தை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தவறாகக் கணிக்கும். பாறையும் மணற்றிட்டும் நிறைந்த கரையோரத்தில் அத்தவறு உயிருக்கே உலை வைக்கும். கப்பல்கள் வந்து நிற்கும் துறைகளில் நம்பத்தக்க வானாய்வகம் வேண்டப்பட்டது இதனாலேயே.

1786இல் வில்லியம் பெட்ரி என்பார் சென்னை எழும்பூரில் தம் சொந்தப் பொறுப்பில் ஒரு வானாய்வகத்தை நிறுவினார். கிழக்கிந்தியக் கம்பெனி பின்னர் அதனை ஏற்றுக்கொண்டது. 1792இல் மைக்கேல் டாப்பிங் அமைத்த கட்டடம் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அங்கே கருவிகளைத் தாங்க நாட்டிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அதன்மேல் பொறித்த எழுத்துகளுள் தமிழும் உண்டு. அவ்வானாய்வகத்தில் பணிசெய்த ஊசற் கடிகாரங்களுள் ஒன்று ஜான் ஷெல்டன் என்னும் இலண்டன் கைவினைஞர் ஆக்கியது. பிற்காலத்தில் அது கொடைக்கானல் வானாய்வகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

நம் மைசூர் நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றையும் இங்கே கூறுதல் தகும். 1799இல் நிகழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் பங்கேற்றவர் வில்லியம் லாம்ப்டன். போர் முடிந்தபின் தீபகற்பத்தைக் குறுக்காக அளக்கும் திட்டத்தை அவர் முன்வைத்தார். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பரங்கிமலை அருகே, கோடை வெயிலில், நூறடி நீள எஃகுச் சங்கிலியால் அளவை தொடங்கிற்று. அச்சங்கிலி ஒரு பாகை வெப்பத்துக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவு நீளும். ஆதலின் அதனை மரப்பெட்டிகளில் கிடத்தி, அருகே வெப்பமானிகளை வைத்து, வெப்பத்தைக் குறித்தே நீளத்தைக் கணக்கிட்டனர். பரங்கிமலையில் தொடங்கிய அளவை மைசூர் மேட்டுநிலத்தைக் கடந்து மேலைக் கடற்கரை வரை சென்றது. சங்கிலியை நீட்டிய அதே வெயில்தான் ஊசலின் தண்டையும் நீட்டுவது. இரண்டிற்கும் மருந்தும் ஒன்றே: வெப்பத்தை அளந்து எழுதி வைத்தல்.

அம்மருந்தின் அருமை 1821இல் நன்கு விளங்கிற்று. சென்னை வானாய்வகத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்காம் அவ்வாண்டில் ஊசலைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார். பூமி உருண்டை நடுவில் சற்றுப் பருத்தும் துருவங்களில் சற்றுத் தட்டியும் இருப்பதால், இடத்துக்கு இடம் ஈர்ப்பு விசை வேறுபடும். அதற்கேற்ப ஊசலின் ஆட்டமும் வேறுபடும். சென்னையில் ஊசல் எவ்வளவு மெதுவாக ஆடுகிறது என்று கண்டால் பூமியின் வடிவத்தைக் கணக்கிடலாம். ஆனால் இலண்டனைக் காட்டிலும் சென்னை வெப்பமிக்க ஊர். ஊசல் மெதுவாவதில் ஈர்ப்பின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாவிடில், பூமியின் வடிவமே பிழையாக எழுதப்பட்டுவிடும். வெப்பமானியைப் பார்க்க மறந்த ஒருவன் உலகத்தின் உருவத்தையே திரித்துவிட வல்லவன் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

இவ்வேலை எளிதன்று. 1865 முதல் இந்தியாவின் பல இடங்களில் ஊசலை நாட்டி அளந்துவந்த பேசவி என்னும் அளவையாளர், 1871இல் லடாக்கின் உயர்ந்த மலைவெளியில் கடுங்குளிரிடையே அப்பணியிலேயே உயிர்நீத்தார். நாம் பாடநூலில் ஒரு வரியாகப் படித்துச் செல்லும் எண்களுக்குப் பின்னே இத்தகைய வாழ்வுகள் உள்ளன.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பொதுநேரமாகக் கொண்டன. நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்தின் நேரம் தந்திக் கம்பி வழியே நாடெங்கும் சென்றது. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. அந்நேரம் கிழக்கு 82.5 பாகைக் கோட்டுக்கு உரியது. நம் சாமராஜநகரமோ 77 பாகைக்குச் சற்று மேற்கே உள்ளது. ஆகவே நம் ஊரில் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாக 12 மணி 22 நிமிடம் காட்டும். பொதுநேரத்துக்கும் நம் ஊர் வெயிலுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு நாழிகை!

வில்லுக்கு வந்த தளர்ச்சி

ஊசற் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொள்ள இயலாது. சட்டைப்பைக்கும் கைக்கும் ஏற்ற கடிகாரத்தில் ஊசலின் இடத்தைச் சமநிலைச் சக்கரமும் மெல்லிய மயிர்வில்லும் ஏற்றன. வெப்பம் இவற்றை இன்னும் கடுமையாகத் தாக்கிற்று. வெப்பம் ஏறினால் எஃகு வில் நீள்வதோடு தளரவும் செய்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வல்லுநர் பெர்தூ இதனை அளந்து பார்த்தார். ஏறத்தாழ 33 பாகை வெப்பம் மிகும்போது, திருத்தம் செய்யப்படாத கடிகாரம் ஒரு நாளில் 393 விநாடி பின்தங்குவதாகவும், அதில் 312 விநாடி வில்லின் தளர்ச்சியால் மட்டுமே விளைவதாகவும் அவர் கணித்தார்.

ஈருலோகச் சக்கரங்களால் இக்குறையை ஓரளவு தீர்த்தனர். நெடுநாள் தீர்வைத் தந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கியோம் என்னும் அறிஞர். எஃகோடு 36 விழுக்காடு நிக்கலைக் கலந்தால் வெப்பத்தால் மிகச் சிறிதே நீளும் உலோகம் கிடைப்பதை அவர் 1896இல் கண்டார். அதற்கு இன்வார் என்று பெயர். வெப்பத்தால் தளராத வில்லுக்கும் ஒரு கலவையை அவரே பின்னர் ஆக்கினார். 1920இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. ஓர் உலோகக் கலவைக்கு அத்தனை பெரிய பரிசா என்று வினவுவோர், அளவையின் நேர்மை அதனால் எத்தனை உயர்ந்தது என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

படிகத்தின் வரவு

இனி நம் கட்டுரையின் தலைப்பில் உள்ள படிகத்துக்கு வருவோம். குவார்ட்ஸ் என்பது மணலில் காணும் அதே சிலிக்கா, ஒழுங்காகப் படிந்து கல்லாகிய வடிவம். 1880இல் பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள் அதன் விந்தைக் குணத்தைக் கண்டனர். அக்கல்லை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் தந்தால் கல் சிறிதே நெளியும். முறையாக வெட்டிய துண்டு ஒன்றை மின்சுற்றில் இணைத்தால் அது தனக்கே உரிய வேகத்தில் இடைவிடாது அதிரும். அவ்வதிர்வுகளை எண்ணினால் அதுவே கடிகாரம்.

1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை இயக்கினர்.  அதில் ஈர்ப்பால் ஆடும் ஊசல் இல்லை. ஆயினும் பழைய பகை அங்கும் வந்து நின்றது. கல்லின் அதிர்வும் வெப்பத்துக்கேற்ப மாறிற்று. ஆகவே படிகத்தை வெப்பம் மாறாத சிறு அடுப்புப் பெட்டிக்குள் வைத்துக் காத்தனர். வெளியே கோடையாயினும் பனியாயினும் படிகத்துக்கு என்றும் ஒரே பருவம்.

இக்காவலின் பயன் 1930களில் வெளிப்பட்டது. பெர்லின் நகரில் ஷைபே, அடெல்ஸ்பெர்கர் என்னும் இருவர் தம் குவார்ட்ஸ் கடிகாரங்களை வானத்து விண்மீன்களோடு ஒப்பிட்டனர். பூமியின் சுழற்சியே ஆண்டுக்குள் சற்று விரைந்தும் சற்றுத் தயங்கியும் நடப்பதைக் கண்டனர். இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. பூமியின் தயக்கமும் பருவத்தோடு மாறுவது. அறையின் வெப்பமும் பருவத்தோடு மாறுவது. அடுப்புப் பெட்டியின் வெப்பம் ஆண்டு முழுவதும் நிலையாக இராவிடில், தவறியது பூமியா கடிகாரமா என்று எவரால் தீர்ப்புக் கூற இயலும்? வெப்பத்தை அடக்கிய பின்னரே, தலைமுறை தலைமுறையாகக் கடிகாரங்களைத் திருத்திவந்த பூமியையும் நாம் திருத்தத் தலைப்பட்டோம்.

பிறகு வேறொரு வழியும் கண்டனர். கல்லை எக்கோணத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் வெப்பக் குணம் மாறும். 1934இல் பெல் ஆய்வுக்கூடத்தார் படிகத்தின் அச்சுக்கு 35 பாகையை ஒட்டிய கோணத்தில் வெட்டிப் பார்த்தனர். அறை வெப்பத்தை ஒட்டி அத்துண்டின் அதிர்வு மிகச் சிறிதே மாறிற்று. கிரகாமும் ஹாரிசனும் இரண்டு பொருள்களைக் கொண்டு செய்த சமன்பாடு இங்கே ஒரே கல்லின் உள்ளமைப்பிலேயே நிகழ்ந்தது. வானொலி நிலையங்களிலும் இக்காலத்து மின்னணுப் பொறிகளிலும் இவ்வகைப் படிகம் பெருவழக்காயிற்று.

மூன்று ஊர், ஒரு கடிகாரம்

1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் படிகம் விநாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. இன்று நம் கையிலும் சுவரிலும் உள்ள பெரும்பாலான கடிகாரங்களில், இசைக்கவை போன்ற வடிவில் வெட்டிய நெல்மணியினும் சிறிய படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும். அந்த ஒன்றே விநாடி முள்ளின் ஒரு துடிப்பு.

இவ்வகைப் படிகத்தின் இயல்பு விந்தையானது. ஏறத்தாழ 25 பாகை வெப்பத்தில் அது மிக விரைந்து அதிரும்படி வெட்டப்படுகிறது. அதற்கு மேலே வெப்பம் சென்றாலும் மெதுவாகும். கீழே சென்றாலும் மெதுவாகும். எவ்வளவு விலகுகிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பப் பிழை வளரும். ஒரு பாகை விலகினால் பத்து இலட்சத்தில் 0.034 பங்கு, பத்துப் பாகை விலகினால் அதன் நூறு மடங்கு.

நம் ஊரை நடுவில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாமராஜநகரில் 25 பாகை உள்ள அறையில், சரியாக ஒத்திசைத்த சுவர்க்கடிகாரம் பிழையின்றி ஓடுவதாகக் கொள்வோம். அதனை ஈரோட்டுக்கு எடுத்துச் சென்று சித்திரை வெயிலில் 40 பாகை உள்ள இடத்தில் மாட்டினால், அவ்வெப்பம் நீடிக்கும்வரை நாளொன்றுக்கு 0.66 விநாடி என்னும் விகிதத்தில் பின்தங்கும். உதகைக்குக் கொண்டுபோய் மார்கழிக் குளிரில் 5 பாகை உள்ள இடத்தில் வைத்தால் நாளொன்றுக்கு 1.18 விநாடி வீதம் பின்தங்கும். ஒரு மாதத்தில் 35 விநாடி. ஆக, மலை ஏறினாலும் தாமதம். சமவெளிக்கு இறங்கினாலும் தாமதம். ஊசல் வெம்மையில் பின்தங்கிக் குளிரில் முந்தும். இசைக்கவைப் படிகமோ இரண்டிலும் பின்தங்கும். இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

இதனின்று இல்லத்தாருக்கு ஒரு செய்தி கிடைக்கிறது. கையில் கட்டிய கடிகாரம் மணிக்கட்டின் இளஞ்சூட்டில் ஏறக்குறைய 30 பாகையிலேயே நிற்கிறது. அதனால் வெப்பப் பிழை மாதத்துக்கு 2 விநாடி அளவே. பகலில் ஓட்டுக்கூரையின் கீழ்க் கொதித்து இரவில் குளிரும் சுவர்க்கடிகாரமும், வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகைக் கடிகாரமும் அத்தகைய காவலைப் பெறுவதில்லை. சாதாரணக் கைக்கடிகாரத்துக்கு மாதம் 15 அல்லது 20 விநாடி வரை பிழை ஏற்படலாம் என்று ஆக்குவோரே கூறுவர். மனித உடலே அதற்கு அடுப்புப் பெட்டியாக அமைந்தது இயற்கையின் கொடை எனலாம்.

பெங்களூரும் ஓசூரும்

இவ்வரலாறு நம் அண்டையிலும் நிகழ்ந்தது. 1953இல் பெங்களூரில் தோன்றிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. 1978இல் தும்கூரிலும் ஒரு தொழிற்சாலை எழுந்தது. நாள்தோறும் சாவி கொடுக்கவேண்டிய எச்.எம்.டி. கடிகாரம் ஒரு தலைமுறையின் மதிப்புக்குரிய பொருளாயிற்று. பள்ளி இறுதித் தேர்வில் தேறிய மகனுக்கும், மணமேடை ஏறிய மருமகனுக்கும், ஓய்வுபெறும் ஊழியருக்கும் அதுவே பரிசாக அமைந்தது.

1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை தமிழ்நாட்டு எல்லையில் ஓசூரில் அமைந்தது. குவார்ட்ஸ் கடிகாரங்களையே அது முதன்மையாகக் கொண்டது. மயிர்வில்லும் சமநிலைச் சக்கரமும் கொண்ட கடிகாரம் நாளொன்றுக்குப் பல விநாடி தவறும். படிகக் கடிகாரம் ஒரு விநாடிக்கும் குறைவாகவே தவறும். சாவி கொடுக்கும் வேலையும் அதற்கு இல்லை. மக்களின் விருப்பம் படிகத்தின் பக்கம் சாய்ந்தது. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட முடிவு செய்தது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இக்கல்லும் ஒன்று. பத்து இலட்சத்தில் சில பங்கு என்று அறிவியலார் கூறும் நுண்ணிய வேறுபாடு, ஆலைகளின் சங்கொலியை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் வாழ்விலும் பங்கு கொண்டது. பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

எச்.எம்.டி.க்குத் தொழில் கற்பித்த சிட்டிசன் நிறுவனமே 2019இல் ஆண்டுக்கு ஒரு விநாடிக்கு மேல் பிழைபடாத கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அது தன் வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்கிறது. பரங்கிமலையில் லாம்ப்டன் மனிதர்களைக் கொண்டு செய்த வேலையை இன்று ஒரு நுண்சில்லு செய்கிறது!

அணுவும் விலக்கன்று

கைப்பேசி தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் இக்காலத்தில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். கைப்பேசி பிறரிடம் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. அப்பிறர் யாரிடம் கேட்பது? நாட்டின் பொதுநேரத்தைக் காப்பது புதுடில்லியில் உள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம். 1950இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர், வத்திராயிருப்பில் பிறந்த தமிழரான கே. எஸ். கிருஷ்ணன் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி. இன்று அங்கே சீசியம் அணுக்கடிகாரங்கள் நேரத்தைக் காக்கின்றன.

1967 முதல் விநாடி என்பதே சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. அணுவாவது வெப்பத்துக்கு அப்பாற்பட்டதோ எனின், அதுவும் அன்று. அறையின் சுவர்கள் வீசும் வெப்பக் கதிரே அவ்வதிர்வைச் சிறிது மாற்றுகிறது. அம்மாற்றம் ஏறத்தாழ 18 இலட்சம் ஆண்டுகளுக்கு ஒரு விநாடி. அதனையும் பொருட்படுத்தி, அவ்வரையறை வெப்பமே இல்லாத தனிச்சுழி நிலையில் உள்ள அணுவைக் குறிப்பது என்று 1997இல் உலக அளவையாளர் தெளிவுபடுத்தினர். அத்தகைய இடம் உலகில் எங்கும் இல்லை. ஆகவே எவ்வூரில் உள்ள அணுக்கடிகாரமாயினும் தன் வெப்பத்தைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே விநாடியைக் கூறவேண்டும்.

2023ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட வழிகாட்டும் செயற்கைக்கோளில், இந்தியாவிலேயே ஆக்கிய ருபீடியம் அணுக்கடிகாரம் முதன்முதலாக வைக்கப்பட்டது. பத்து இலட்சத்தில் ஒரு விநாடி பிழைபட்டால், அக்கோள் காட்டும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும். கடலில் செல்லும் மீனவர்க்குக் கரையும் எல்லையும் காட்டவேண்டிய கருவியில் அத்தகைய பிழை பொறுக்கத்தக்கதன்று. நம் வீட்டு வாசலிலும் இதே கேள்வி வந்து நிற்கிறது. நாளின் நேரத்துக்கேற்ப மின்கட்டணம் பெறுவதற்கு 2023இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. அவ்வாறு கணக்கிடும் மின் அளவிக்குள்ளும் படிகம் உண்டு. அப்படிகத்தின் மேலும் வெயில் படும். வெப்பத்தை அறிந்து திருத்தும் வகைப் படிகமாயின் ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில் பிழை அடங்கும்.

பிழையே இல்லாத பொறியை எவரும் ஆக்கியதில்லை, இனியும் ஆக்கப்போவதில்லை. தன் பிழை எவ்வளவு, எதனால் என்று அறிந்து அதனை மறையாது கணக்கில் சேர்த்துக்கொண்ட பொறிகளே நம்பிக்கைக்கு உரியவாயின. கிரகாமின் பாதரசமும், லாம்ப்டனின் வெப்பமானியும், பெர்லின் அறிஞரின் அடுப்புப் பெட்டியும், இன்றைய நுண்சில்லும் கூறும் பாடம் இதுவே. அடுத்த முறை நம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் கோடையில் சில விநாடி பின்தங்கக் காணும்போது, நம் பிள்ளைகளை அழைத்து, மின்கலத்தைக் குறைகூறுமுன் அருகே ஒரு வெப்பமானியை மாட்டச் சொல்வோம். நாள்தோறும் இரண்டையும் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். ஓராண்டில் அவர்கள் கையில் இருப்பது சாமராஜநகரின் பருவ வரலாறாகவும் இருக்கும். அறிவியலின் முதற்பாடமாகவும் இருக்கும்.